பதில் வராது என்று தெரிந்தும் பாதுகாப்பு அமைச்சரிடம் ஏன் கேட்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: "பாதுகாப்புத் துறை பற்றி எதிர்க்கட்சி எம்.பி. கேட்டால், 'நாட்டின் பாதுகாப்பு கருதிச் சொல்ல இயலாது' என்று அமைச்சர் முடித்துவிடுகிறார். இது முன்கூட்டியே தெரிந்த விஷயம்தானே? பிறகு ஏன் கேட்கிறார்கள், கேமராவுக்காகவா? இப்படிக் கேட்டுக் கேட்டு ஒரு ரூபாயாவது மிச்சமாகியிருக்கிறதா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரகசியம் என்று ஒரு சுவர் நிற்கும்போது கேள்விக்கு என்ன வேலை என்பது ஒன்று. ராணுவத்துக்குப் போகிற பணத்தின் மேல் நாடாளுமன்றத்துக்கு உண்மையில் பிடி இருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு என்னிடம் உள்ள பதில் அவ்வளவு தெம்பானது இல்லை.

நான் சில ஆண்டுகள் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் டெல்லி அலுவலகத்தில் கேள்வி தயாரித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவன். அதனால் நான் பார்த்தது மேஜையின் ஒரு பக்கம் மட்டுமே. அமைச்சகத்துக்குள் உட்கார்ந்து பதில் எழுதியவர்களிடம் கேட்டால் இதையே வேறு மாதிரி சொல்வார்கள். அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நடைமுறை. தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற அமளி, கேள்வி நேரத்தின் மிகச் சிறிய பகுதி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் நட்சத்திரக் குறியோடு பட்டியலில் வரும். அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வதும், அதன்மேல் துணைக் கேள்விகள் எழுவதும் இவற்றுக்குத்தான். 11 மணிக்குத் தொடங்கி 12 மணிக்குள் ஐந்தாறு கேள்வி முடிந்தாலே அன்று அவை ஒழுங்காக நடந்தது என்று பொருள். இதற்கு அப்பால் நட்சத்திரக் குறியில்லாத கேள்விகள் ஒரு நாளைக்கு 230 வரை போகும். அவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில், யாரும் எழுந்து நிற்பதில்லை, கேமராவும் கிடையாது. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும், பாதுகாப்பு அமைச்சகத்தின் முறை வாரத்தில் ஒரு நாள்தான். யாருடைய கேள்வி மேலே வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. பெரிய தலைவராக இருந்தாலும் குலுக்கலில் விழுந்தால்தான் உண்டு. ஆக, கேமராவுக்காகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு இது ரொம்ப மோசமான வழி. அவர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தையோ வெளிநடப்பையோதான் நம்புவார்கள்.

உண்மையான வேலை அந்த 230-ல் நடக்கிறது. அங்கே கேள்வியை எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம். "நம்மிடம் எத்தனை ஏவுகணை இருக்கிறது?" என்று கேட்டால், மறுப்பதற்கு நாமே வாசல் திறந்துவிட்டதாக ஆகும். அப்படிக் கேட்கவும் கூடாது என்பது என் கருத்து. "கடந்த 5 ஆண்டுகளில் மூலதன ஒதுக்கீட்டில் செலவாகாமல் திருப்பி ஒப்படைக்கப்பட்ட தொகை ஆண்டுவாரியாக எவ்வளவு, காரணம் என்ன?" என்று கேட்டால் மறுக்க முடியாது. எல்லாம் அரசின் வரவுசெலவு ஆவணங்களில் ஏதோ ஒரு மூலையில் இருக்கிற எண்கள்தான், ஆனால் அமைச்சரின் கையெழுத்தோடு காரணமும் சேர்ந்து வருவது இங்கேதான். ஒப்பந்தம் போட்ட தேதி, முதல் சாதனம் வந்திருக்க வேண்டிய தேதி, வந்த தேதி, தாமதத்துக்கு வசூலித்த அபராதம் என்று நான்கு பத்தியில் கேட்டால், எந்த எதிரி நாட்டுக்கும் பயன்படாத, ஆனால் நமக்கு நிறையச் சொல்கிற ஒரு அட்டவணை கிடைக்கும்.

எந்த வாசலைத் தட்டுகிறோம் என்பதும் முக்கியம். எல்லையில் நிற்கிறவர்கள் எல்லாம் பாதுகாப்பு அமைச்சகம் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை, இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் எல்லாம் உள்துறை அமைச்சகம். கடலோரக் காவல்படையும் எல்லைச் சாலைகள் அமைப்பும் பாதுகாப்பு அமைச்சகம். மீனவர் கைது பற்றிக் கேட்டால் வெளியுறவு அமைச்சகம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையோ அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையோ என்றால் பாதுகாப்பு உற்பத்தித் துறை. 2021 அக்டோபரில் பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து 7 நிறுவனங்களாக்கிய பிறகு, யாருக்கு எத்தனை கோடி ஆர்டர் என்று நிறுவனவாரியாகக் கேட்க வேண்டும். தவறான அமைச்சகத்துக்கு அனுப்பினால் இடமாற்றிக் கொடுப்பார்கள், ஆனால் அதற்குள் கூட்டத்தொடர் பாதி முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது பரவலாகத் தெரிவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. உளவுத் துறை, வெளிநாட்டு உளவு அமைப்பான ரா, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ., எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை எல்லாம் அதில் உண்டு. ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்ற விஷயங்களில் நீங்களும் நானும் அங்கே மனுப்போட்டுப் பயனில்லை. எம்.பி. கேட்கிற கேள்விக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் எத்தனை இடம் காலி, எத்தனை பேர் விருப்ப ஓய்வில் போனார்கள் என்ற எண்கள் செய்தித்தாளில் வரும்போது பாருங்கள், பெரும்பாலும் ஏதோ ஓர் எழுத்துப் பதிலில் இருந்துதான் வந்திருக்கும்.

பதிலில் "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று வந்தால் நாங்கள் எரிச்சலடைய மாட்டோம். சொல்லப்போனால் அது நல்ல சகுனம். அப்படிச் சொன்னாலே அது அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். அதை 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. நிறைவேறாதவற்றைத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்ட உறுதிமொழிகளும் ஏராளம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோப்பு சாகாமல் இருக்கும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பதில் சொல்ல மறுத்தால் என்ன லாபம்? பிரான்சிடம் வாங்கிய ரஃபேல் போர் விமான விவகாரத்தை வைத்துப் பார்க்கலாம். 36 விமானங்களுக்கான ஒப்பந்தம் 2016 செப்டம்பரில் கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பரில், மக்களவையில் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்குப் பதிலாக, அப்போதைய பாதுகாப்பு இணை அமைச்சர் சுபாஷ் பாம்ரே ஒரு விமானத்தின் விலை சுமார் 670 கோடி ரூபாய் என்றார். அன்று அது பெரிய செய்தியாகவில்லை. 2018 பிப்ரவரியில் விலை விவரம் மறுபடி கேட்கப்பட்டபோது, பிரான்சுடன் உள்ள ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைக் காட்டி அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு தனியாக வந்திருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒன்றேகால் ஆண்டுக்கு முன் நீங்களே ஒரு எண் சொன்னீர்களே என்று கேட்க முடிந்ததால்தான் அது விவகாரமானது. 670 கோடி என்பது ஆயுதங்களும் இந்தியாவுக்கென்றே செய்த மாற்றங்களும் சேராத விலை என்று அரசு விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது.

இதில் எது உறுதி, எது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊழல் நடந்ததாக எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. 2018 டிசம்பர் 14-ல் உச்ச நீதிமன்றம் விசாரணை கோரிய மனுக்களைத் தள்ளுபடி செய்தது, 2019 நவம்பரில் மறுஆய்வு மனுக்களையும் தள்ளுபடி செய்தது. 2019 பிப்ரவரியில் அவையில் வைக்கப்பட்ட, அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை, முந்தைய பேரத்தோடு ஒப்பிட்டால் 2.86 சதவீதம் குறைவு என்றது, ஆனால் அதில் விலை எண்கள் மறைக்கப்பட்டிருந்தன. இவ்வளவும் உறுதி. இதற்கு நடுவில் நடந்த ஒரு சங்கதிதான் என் துறையில் இருப்பவர்களுக்குச் சுவாரசியமானது. தீர்ப்பில், விலை விவரம் தணிக்கையாளரிடம் கொடுக்கப்பட்டது, அவரது அறிக்கையை, அரசின் செலவுக் கணக்கைப் பார்க்கும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டது என்று ஒரு வாசகம் இருந்தது. அப்போது குழுவின் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே. "அப்படி ஒரு அறிக்கையே எங்களிடம் வரவில்லை" என்று அவர் அன்றே சொல்லிவிட்டார். மறுநாள் அரசு, வாசகத்தைத் திருத்தக் கோரி நீதிமன்றத்துக்குப் போனது. 1967-லிருந்து அந்தக் குழுவின் தலைமையை எதிர்க்கட்சிக்குக் கொடுக்கும் மரபு இருக்கிறதே, அதன் பயன் இப்படிப்பட்ட ஒரு நாளில்தான் தெரியும்.

ஆக, பாதுகாப்பு விஷயத்தில் கேள்வி என்பது உண்மையைத் தோண்டி எடுக்கும் கருவி என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அமைச்சரின் வார்த்தையை ஒரு தேதியோடு ஆவணத்தில் ஏற்றிவைப்பதுதான் அதன் வேலை. பின்னால் வேறெங்கிருந்தோ ஓர் உண்மை வெளிவரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஏடு தேவைப்படும்.

வேறெங்கிருந்தோ என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். நம் பெரிய ராணுவக் கொள்முதல் விவகாரங்கள் வெளிவந்த விதத்தைப் பாருங்கள். போஃபர்ஸ் பீரங்கி ஒப்பந்தம் 1986 மார்ச்சில் போடப்பட்டது, சுமார் 1,437 கோடி. லஞ்சம் கைமாறியது என்று 1987 ஏப்ரலில் முதலில் சொன்னது ஸ்வீடன் நாட்டு வானொலி. மிக முக்கியப் பிரமுகர்களுக்கான அகஸ்டாவெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டர் விவகாரம் 2013-ல் பெரிதாக வெடித்தது இத்தாலியில் நடந்த கைதுகளால். (அங்கே பிறகு மேல்முறையீட்டில் விடுதலையானார்கள், அது தனிக்கதை.) இரண்டிலும் முதல் தகவல் நம் நாடாளுமன்றக் கேள்வியிலிருந்து வரவில்லை. வெளியே கசிந்த பிறகு கேள்விகள் வேகமெடுத்தன. எங்கள் தொழிலுக்கு இது பெருமையான விஷயம் இல்லை, ஆனால் உண்மை இதுதான்.

போஃபர்ஸில் நம் ஊர்க்காரர் ஒருவரின் பங்கு மறக்கப்பட்டுவிட்டது. விசாரணைக்கு அமைத்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவைப் பிரதான எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. காங்கிரசின் கூட்டணியில் இருந்த அ.தி.மு.க. சார்பில் அந்தக் குழுவில் இருந்தவர் ஆலடி அருணா. 1988-ல் குழு அறிக்கை கொடுத்தபோது, அதை ஏற்காமல் அவர் தனியாக மாறுபட்ட குறிப்பு எழுதினார். வெளியே இருந்து முழங்கியவர்களின் பேச்சு எல்லாம் போய், உள்ளே உட்கார்ந்து காகிதம் படித்த ஒருவரின் குறிப்பு அறிக்கையோடு சேர்ந்து நிற்கிறது. 1989-ல் தணிக்கை அறிக்கை வந்ததும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூட்டமாகப் பதவி விலகினார்கள், அந்த ஆண்டுத் தேர்தலில் ஆட்சி மாறியது. 2004-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

இதில் அமைச்சக அதிகாரிகள் தரப்பில் ஒரு நியாயமான வாதம் உண்டு. அதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். போஃபர்ஸுக்குப் பிறகு கோப்பில் கையெழுத்துப் போடவே பயந்தார்கள், பீரங்கி வாங்குவது பல ஆண்டுகள் நின்றுபோனது என்பார்கள். அமெரிக்காவிடம் 145 எம்777 பீரங்கிகளுக்கு ஒப்பந்தமானது 2016 நவம்பரில்தான். இடையில் முப்பது ஆண்டுகள். இதே போஃபர்ஸ் பீரங்கிதான் 1999-ல் கார்கிலில் கைகொடுத்தது. கேள்வி கேட்டதால் மட்டும் இந்தத் தாமதமா, அல்லது கொள்முதல் விதிகளின் சிக்கலும் நிறுவனங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்ததும் சேர்ந்தா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் கேள்விக்கும் ஒரு விலை உண்டு என்பதை எதிர்க்கட்சிக்காரர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6,81,210 கோடி ரூபாய். மொத்த பட்ஜெட்டில் 13 சதவீதத்துக்கும் மேல். இது நான்கு மானியக் கோரிக்கைகளாக, அதாவது செலவுக்கு அனுமதி கேட்கும் கோரிக்கைகளாக, அவைக்கு வரும். படைகளின் அன்றாடச் செலவும் சம்பளமும் சுமார் 3,11,732 கோடி, புதிய தளவாடங்கள் முதலான மூலதனச் செலவு 1,80,000 கோடி, ஓய்வூதியம் 1,60,795 கோடி, மீதி 28,683 கோடி சிவில் பிரிவு. "பட்ஜெட் இத்தனை சதவீதம் உயர்ந்தது" என்று அமைச்சரும், "போதாது" என்று எதிர்க்கட்சியும் மோதிக்கொள்ளும்போது இந்த நான்கு பங்கும் பேச்சில் வரவே வராது. 100 ரூபாய் ஒதுக்கினால் புதிய தளவாடம், கட்டுமானம் எல்லாம் சேர்த்து 26 ரூபாய்தான், ஓய்வூதியம் கிட்டத்தட்ட 24 ரூபாய். யாராவது எம்.பி. பாதுகாப்புச் செலவு பற்றிப் பேசினால் அவர் இந்த நான்கில் எதைச் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். சொல்லாமல் மொத்த எண்ணை மட்டும் வீசினால், அந்த உரையைக் கவனிக்க வேண்டியதில்லை.

இந்த மானியக் கோரிக்கைகளில் வாக்களிக்கும் அதிகாரம் மக்களவைக்கு மட்டும்தான் உண்டு. ஒதுக்கீட்டை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லும் கொள்கை வெட்டு, குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் சிக்கன வெட்டு, ஒரு குறையைச் சுட்டிக்காட்ட 100 ரூபாய் குறைக்கச் சொல்லும் அடையாள வெட்டு என்று வெட்டுத் தீர்மானங்கள் மூன்று வகை. ஏட்டில் பலமான ஆயுதங்கள். நடைமுறையில், நேரம் முடிந்ததும் விவாதிக்காத எல்லாக் கோரிக்கைகளையும் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விட்டுவிடுவார்கள். கில்லட்டின் என்று அதற்குப் பெயர், பொருத்தமான பெயர்தான். பாதுகாப்புத் துறைக்குப் பல ஆண்டுகள் இதே கதி. 2018-லும் 2023-லும் எந்த அமைச்சகத்தின் கோரிக்கையும் விவாதமில்லாமல், அமளிக்கு நடுவே பட்ஜெட் மொத்தமும் நிறைவேறியது. அதில் ஆளும் தரப்பின் பங்கும் உண்டு, அவையின் மையத்தில் பதாகை பிடித்து நின்றவர்களின் பங்கும் உண்டு. உங்களுடைய 'ஒரு ரூபாயாவது' கேள்விக்கு இதுதான் நேரான பதில்: பாதுகாப்பு ஒதுக்கீட்டில் எதிர்க்கட்சியின் வெட்டுத் தீர்மானத்தால் குறைந்த ரூபாய் என்று எனக்குக் காட்ட எதுவும் இல்லை. பெரும்பான்மை அரசில் அது நடக்கவும் நடக்காது, நடந்தால் அரசு கவிழும்.

பணத்தைப் பற்றி உருப்படியான பேச்சு நடக்கிற இடம் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. 31 உறுப்பினர்கள், எல்லாக் கட்சியினரும் இருப்பார்கள், கேமரா கிடையாது, ராணுவ அதிகாரிகள் நேரில் வந்து சாட்சியம் சொல்வார்கள். 2018 மார்ச்சில் வந்த அறிக்கை ஒன்றைத் தேடிப் படியுங்கள். தரைப்படையின் அப்போதைய துணைத் தளபதி சரத் சந்த், தங்கள் தளவாடங்களில் 68 சதவீதம் மிகப் பழையவை, 24 சதவீதம் தற்காலத்தவை, அதிநவீனமானவை 8 சதவீதம்தான் என்று குழுவிடம் சொன்னார். அந்த ஆண்டு பட்ஜெட் எங்கள் நம்பிக்கையைச் சிதைத்துவிட்டது என்ற பொருளிலும் பேசினார். அந்தக் குழுவுக்குத் தலைவர் ஆளும் பா.ஜ.க.வைச் சேர்ந்த பி.சி. கந்தூரி, அவரே முன்னாள் ராணுவ அதிகாரி. எந்த எதிர்க்கட்சித் தலைவரின் ஆவேச உரையும் அந்த ஒரு பத்தி அளவுக்கு அரசை நெளிய வைத்ததில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் குழுவுக்கு வேறு தலைவர் வந்தார். இரண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்று ஊகிக்கலாம், நிரூபிக்க முடியாது.

தணிக்கை அறிக்கையும் அப்படித்தான். 2017 ஜூலையில் வைக்கப்பட்ட அறிக்கை, 152 வகை வெடிபொருட்களில் 61 வகை பத்து நாள் போருக்குக்கூடப் போதாது என்றது. தேவையான இருப்பு 40 நாளுக்கு. இப்படி ஒரு எண்ணை எம்.பி. கேட்டிருந்தால் ரகசியம் என்று மறுத்திருப்பார்கள், அதில் தவறும் இல்லை. தணிக்கையாளர் அச்சிட்டு அவையில் வைத்த பிறகு அதன்மேல் துணைக் கேள்வி கேட்பதை யாராலும் தடுக்க முடியாது. அதனால்தான் அனுபவம் உள்ள உறுப்பினர்கள், அரசே வெளியிட்ட ஓர் ஆவணத்தின் மேல் காலை ஊன்றித்தான் கேள்வி எழுதுவார்கள்.

அப்படியானால் ரகசியம் என்று சொல்வதெல்லாம் சாக்கா? இல்லை. படைகள் நிற்கும் இடம், ஆயுத இருப்பு, நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கை, உளவுத் தகவல் வந்த வழி இவற்றைச் சொல்லாமல் இருப்பது சரி. மக்களவை விதிகளே அமைச்சரவையில் நடந்த பேச்சு போன்றவற்றைக் கேட்கத் தடை விதிக்கின்றன. சிக்கல் வருவது, நடந்து முடிந்ததையும் அதே பையில் போடும்போது. சீனாவுடனான 1962 போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் காங்கிரஸ் அரசின் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, அது இன்றைக்கும் ராணுவ முக்கியத்துவம் உள்ளது என்று சொல்லி வெளியிட மறுத்தார். 2014 மார்ச்சில் எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜேட்லி, காலவரையின்றி ஆவணங்களை மூடிவைப்பது பொதுநலனுக்கு உகந்ததா என்று எழுதினார். அதே ஆண்டு ஜூலையில், பாதுகாப்பு அமைச்சராக மாநிலங்களவைக்கு அவர் கொடுத்த பதில், வெளியிடுவது நாட்டு நலனுக்கு ஏற்றதல்ல. நாலே மாதம். எந்தக் கட்சிக்காரரோடு இந்த விஷயத்தில் வாக்குவாதம் வந்தாலும் நான் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

போர்க்காலத்தில் கேட்கவே கூடாது என்பவர்களுக்கும் 1962 ஒரு பதில் வைத்திருக்கிறது. எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே நவம்பர் 8-ம் தேதிக்குக் கூட்டத்தொடர் முன்கூட்டிக் கூட்டப்பட்டது, வாஜ்பாய் உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் வற்புறுத்தியதால். ரகசிய அமர்வாக நடத்தலாம் என்ற யோசனையை நேரு ஏற்கவில்லை. 165 உறுப்பினர்கள் பேசினார்கள். ஆனால் அதே கூட்டத்தொடரில் கேள்வி நேரம் ரத்தாகியிருந்தது என்பதை, இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள். 2020-ல் கால்வான் மோதலில் 20 வீரர்கள் உயிரிழந்த பிறகு வந்த கூட்டத்தொடரிலும், கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் கிடையாது. எழுத்துப் பதில்கள் மட்டும் இருந்தன. 2022 டிசம்பரில் தவாங் பகுதி மோதல் பற்றி அமைச்சர் அறிக்கை வாசித்தார், விவாதம் வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. அறிக்கை வாசிப்பதும் கேள்விக்குப் பதில் சொல்வதும் ஒன்றல்ல.

2025-ல் ஆபரேஷன் சிந்தூருக்குப் பிறகு, நம் தரப்பில் விமான இழப்பு உண்டா என்பதே எதிர்க்கட்சிகளின் பெரிய கேள்வியாக இருந்தது. மே 31-ல் சிங்கப்பூரில் ஒரு வெளிநாட்டு ஊடகத்திடம், எண்ணிக்கை சொல்லாமல், இழப்பு இருந்ததை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் ஒப்புக்கொண்டார். சிறப்புக் கூட்டத்தொடர் கேட்டார்கள், கூட்டப்படவில்லை. ஜூலை இறுதியில் வழக்கமான கூட்டத்தொடரில் நீண்ட விவாதம் நடந்தது. எதிரியின் விமானம் எத்தனை விழுந்தது என்றல்லவா கேட்க வேண்டும், தேர்வில் முடிவுதானே முக்கியம், பென்சில் உடைந்ததா என்பதா என்ற தொனியில் ராஜ்நாத் சிங் பேசினார். எண்ணிக்கையைச் சொல்லாததில் எனக்குக் குறை இல்லை, அதற்கு ராணுவக் காரணம் இருக்கலாம். வெளிநாட்டு ஊடகத்துக்குச் சொன்ன அளவையாவது அவைக்கு முதலில் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் மனக்குறை.

எதிர்க்கட்சிகளின் பக்கமும் குறைகள் உண்டு. ராணுவக் கொள்முதல் லஞ்சப் புகாரில் பதவி விலகியிருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் 2001-ல் பாதுகாப்பு அமைச்சராகத் திரும்பி வந்தபோது, அவர் பேச எழுந்தாலே புறக்கணிப்பது என்று எதிர்க்கட்சிகள் முடிவெடுத்து, நீண்ட காலம் அதையே செய்தார்கள். கோபம் புரிகிறது. ஆனால் கார்கிலுக்குப் பிந்தைய கொள்முதல் பற்றித் தணிக்கை அறிக்கை வந்து குவிந்த அதே காலத்தில், பதில் சொல்ல வேண்டியவரைக் கேள்வியிலிருந்து விடுவித்தது போலத்தான் ஆனது. உளவு அமைப்புகளின் செலவை நாடாளுமன்றக் குழு கண்காணிக்க வேண்டும் என்று 2011-ல் காங்கிரசின் மனீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அவர் கட்சிதான் அப்போது ஆட்சியில். நிறைவேறவில்லை. பிரிட்டனில் 1994-லிருந்து சட்டப்படி அப்படி ஒரு குழு இருக்கிறது. ஜெர்மனியில் 2.5 கோடி யூரோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ராணுவக் கொள்முதலும் நாடாளுமன்ற பட்ஜெட் குழுவின் ஒப்புதலுக்குப் போக வேண்டும். இங்கே ரா அமைப்புக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்கும் அதிகாரம் படைத்த குழுவே கிடையாது. ஆட்சிக்கு வந்ததும் இந்தக் கோரிக்கையை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், உங்கள் தொகுதி உறுப்பினர் கேட்ட கேள்விகளையும் பதில்களையும் நாடாளுமன்ற இணையதளத்தில் பெயர் போட்டு, அமைச்சகவாரியாக எடுக்கலாம். பாதுகாப்பு அமைச்சகப் பதில் எதையாவது திறந்து பாருங்கள். கேள்வியில் அ, ஆ, இ, ஈ என்று நான்கு பகுதி தனித்தனியாக இருக்கும். பதிலில் "அ முதல் ஈ வரை" என்று ஒரே பத்தியாகச் சேர்த்து எழுதியிருப்பார்கள். நான்கையும் பத்தியோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால், ஏதோ ஒன்றுக்கு மட்டும் பதில் இருக்காது. எங்கள் அலுவலகத்தில் அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வியை அந்த விட்டுப்போன பகுதியிலிருந்துதான் எழுதத் தொடங்குவோம்.